அடியில் ஆம்பூர் என்று கீறிய கிண்ணங்கள்

1

ஆம்பூர் என்று எழுதினால் பொருள் விலை போகாது என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிய பிறகு எழுதினால் நான் ரொம்ப நல்லவள் மாதிரி தெரிவேன். அது வேண்டாம்.

என் பெயர் எஸ்தர். ஆம்பூர்க்காரி. கொரியாவில், சியோலிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் வரும் ஒரு சின்ன ஊரில் பத்து வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறேன். வீட்டுக்காரர் சாலமன் தோல் சாயம் பற்றிப் படித்தவர். வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பில் இருந்த அவரை, கார் சீட்டுத் தோலுக்குச் சாயம் போடும் கம்பெனி ஒன்று இங்கே கூட்டி வந்தது. மகள் கிருபாவுக்கு வயது பதினைந்து. நான் மண் பிசைகிறேன்.

சிரிக்காதீர்கள். ஊரில் ஏற்கெனவே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "மண்ணு பெசையவா கொரியா வரைக்கும் போன?" என்று கேட்காத சொந்தக்காரர் ஒருவர்கூட பாக்கி இல்லை. ஆமாம், அதற்குத்தான் வந்தேன் என்று இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன்.

மின்ஜங் என்று ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள். பட்டறை அவளுடையது, சூளையும் அவளுடையது. அங்கேதான் டீக் கிண்ணம், சோற்றுக் கிண்ணம், ஊறுகாய்த் தட்டு, சின்னச் சின்ன டீக் கெண்டி எல்லாம் செய்கிறேன். கொரியாவின் பழைய பாணி இது. சாம்பல் நிறக் களிமண்ணில் கிண்ணம் வனைந்து, பாதி காய்ந்ததும் வெள்ளை மண் குழம்பை முரட்டுத் தூரிகையால் ஒரே இழுப்பில் பூசவேண்டும். தூரிகை போன வழி வரிவரியாக அப்படியே தெரியும். பொங்கலுக்குச் சுவரில் சுண்ணாம்பு அடித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஒரு முறை சுட்டு, கண்ணாடிப் பூச்சில் முக்கி, மறுபடியும் சுடுவோம். முக்கும்போது அடியைப் பிடித்த விரல்களின் தடத்தில் மட்டும் பூச்சு ஏறாமல் நிற்கும். அதை யாரும் துடைப்பதில்லை.

என் கிண்ணத்தின் அடியில், மண் ஈரமாக இருக்கும்போதே, ஆணியால் 'ஆம்பூர்' என்று தமிழில் கீறிவிடுவேன். மின்ஜங்குக்கு ஒரு முத்திரை இருப்பதுபோல எனக்கு அது.

சியோலில் டீப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார் பார்க் என்று ஒருவர். மெல்லிய மனிதர், மெல்லிய குரல். இலையுதிர் காலத்துக்குத் தன் கடையின் கண்ணாடி ஜன்னலை எங்கள் இருவருடைய கிண்ணங்களாலும் நிரப்பப் போவதாகச் சொல்லிப் பட்டறைக்கு வந்தார். என் கிண்ணம் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். "கையில் நன்றாக உட்காருகிறது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் அதைத் திருப்பினார்.

"இது என்ன எழுத்து?"

"தமிழ். என் ஊர்ப் பெயர்."

"அழகாகத்தான் இருக்கிறது" என்றார். "ஆனால் கொரியக் கிண்ணம் வாங்க வருகிறவர்கள் அடியைத் திருப்பித்தான் பார்ப்பார்கள். இதைப் பார்த்தால் கீழே வைத்துவிடுவார்கள். விலை போகாது. இனிமேல் செய்வதில் அடியை வெறுமையாக விடுங்கள், இல்லையென்றால் மின்ஜங்கின் முத்திரையை வையுங்கள். இப்போது இருப்பதை அரைக்கல்லில் தேய்த்துவிடலாம். அடுத்த சனிக்கிழமை வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன்."

குனிந்து வணங்கிவிட்டுப் போனார். நானும் குனிந்தேன். குனிந்தபடியே என் வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது.

2

ஆம்பூரில் ஷூ கம்பெனியின் ஃபினிஷிங் பிரிவில் நான் செக்கிங் டேபிளில் இருந்தேன். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும், கிருபா வயிற்றில் இருந்தபோதும் அதே டேபிள்தான். டியூப் லைட் வெளிச்சத்தில் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நூல் பிசிறா, ஒரு அம்பு. பசை வழிந்திருக்கிறதா, ஒரு அம்பு. இடது காலுக்கும் வலது காலுக்கும் நிறத்தில் மயிரிழை வித்தியாசமா, ரெண்டுக்கும் அம்பு. தோலின் மேல் யாருடைய விரல் ரேகையாவது தெரிந்தால் போச்சு, சூப்பர்வைசர் லைனையே நிறுத்தி வைத்துக் கத்துவார். நான் அதில் கெட்டிக்காரி. "எஸ்தரு கண்ணுல மாட்டுனா செத்தோம்" என்று ஷூவை அச்சில் இழுத்து வடிவமாக்கும் லாஸ்டிங் பிரிவுப் பையன்கள் பேசிக்கொள்வார்கள்.

இங்கே வந்தபோது கணவனைச் சார்ந்து வந்தவள் என்று விசா. காசு கொடுத்து எதையாவது கற்றுக்கொள்ளலாம், ஆனால் வேலை செய்து காசு வாங்கக் கூடாது. சும்மா இருந்து பழக்கமில்லாத உடம்பு. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த மின்ஜங்கின் பட்டறையில் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் ஒரு நாள் சூளை திறந்து, சுட்ட பாத்திரங்களையெல்லாம் மேசையில் பரப்பிவிட்டு, தூசு தட்டி வை என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள்.

தூசு மட்டும் தட்டிவிட்டு உட்காருகிற ஜென்மமா நான்? பையில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் இருந்தது. இங்கத்து ஸ்டேஷனரி கடையில் அதைப் பார்த்ததும், தூர தேசத்தில் ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷத்தில் வாங்கி வைத்திருந்தேன். உதவி செய்வோமே என்று ஆரம்பித்தேன். வெள்ளைப் பூச்சு விட்டுப் போன இடம், ஒரு அம்பு. விளிம்பு கோணல், ஒரு அம்பு. புள்ளி, அம்பு. அடியில் விரல் தடம், அய்யய்யோ, தடத்துக்கு ஒரு அம்பு. அவள் திரும்பி வந்தபோது மேசை முழுக்க அம்மை போட்ட பிள்ளைகளைப் படுக்க வைத்த மாதிரி இருந்தது.

மின்ஜங் ஒரு கிண்ணத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவும் குறையா?"

"ஆமாம். ரிஜெக்ட்" என்றேன், பெருமையாக.

அவள் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு அம்பாக நகத்தால் உரித்தாள். உரிக்கும்போது சொல்லிக்கொண்டே வந்தாள். "இது தூரிகை. இது நெருப்பு. இது என் கை. இது தூரிகை. இதுவும் என் கை." ஒரு கெண்டியின் மூக்கில் ஒட்டியிருந்த அம்பை மட்டும் விட்டுவிட்டு, கெண்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மயிர்க்கோடு மாதிரி ஒரு வெடிப்பு. "இது குறைதான். நான் பார்க்கவில்லை" என்றாள். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவை சூளை திறக்கும்போதும் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள்.

வீட்டுக்கு வந்து அன்றைக்கு நான் அழுதேன். எதற்கென்று சாலமன் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. எத்தனையோ கை பட்ட ஷூவை, ஒரு கையும் படாத மாதிரி ஆக்குவதற்குத்தான் ஊரில் எனக்குச் சம்பளம். ஆக்கி முடித்து, உள்ளே எவன் பேரோ தங்க எழுத்தில் அடித்த உள்தோலை ஒட்டி, பெட்டியில் வைத்து அனுப்புவோம். பாலாற்றில் தண்ணீர் நின்று போன பிறகும் எங்கள் ஷூ போய்க்கொண்டுதான் இருந்தது. எந்த ஊர்க்காரன் காலிலும் ஆம்பூர் என்ற பெயர் ஏறியதில்லை.

3

போன வருடம்தான் நான் சம்பாதிக்கலாம் என்று அனுமதி வந்தது. அதற்காகக் குடியேற்ற ஆபீசுக்குப் போன கதையைச் சொல்ல வேண்டும். சீட்டு எடுத்து, நம்பர் கூப்பிடும் வரை உட்கார்ந்து, கூப்பிட்டதும் ஓடி, இந்த ஜன்னல் இல்லை அந்த ஜன்னல் என்று கேட்டு, மறுபடியும் சீட்டு எடுத்து. அதெல்லாம் வேலூர் கலெக்டர் ஆபீசிலேயே எனக்குப் பழக்கம். இங்கே ஏசி இருக்கிறது, அவ்வளவுதான் ஜாஸ்தி.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சின்ன வயது அதிகாரி, "என்ன தொழில்?" என்றார்.

"பாத்திரம் செய்கிறேன். மண்ணில்."

"இந்தியப் பாத்திரமா?"

"கொரியப் பாத்திரம்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் ஏன் கொரியப் பாத்திரம் செய்கிறீர்கள்?"

"எங்க ஊரில் இத்தாலிக்காரனுக்கு ஷூ தைக்கிறோம். ஏன் தைக்கிறீர்கள் என்று இதுவரை எந்த ஆபீசரும் கேட்கவில்லை" என்றேன். கொரிய மொழியில்தான் சொன்னேன். ஆனால் கோபம் வந்தால் எனக்கு மரியாதை விகுதியெல்லாம் மறந்துவிடும். பெரிய மனிதரிடம் பேசவேண்டியதை, தெருவில் விளையாடும் பையனிடம் பேசுவதுபோலப் பேசிவிட்டேன். துணைக்கு வந்திருந்த கிருபா மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அந்த அதிகாரி நல்ல பையன். சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்தார்.

வெளியே வந்ததும் கிருபா பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தாள்.

4

கிருபா நாலு வயதில் இங்கே வந்தவள். நான் தமிழில் பேசினால் கொரிய மொழியில் பதில் சொல்வாள். இரண்டு வருடமாக அப்படித்தான். புரியாமலா? எல்லாம் புரியும். நானும் ஊர்த் தோழி ஷாஹீனும் போனில் பேசும் வம்புகூடப் புரியும். வாய் மட்டும் திரும்பாது. திரும்பாது என்ன, திருப்ப மாட்டாள்.

பார்க் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்ததும் எழுந்து, "ஜிஹேவின் அம்மாவா, வாருங்கள்" என்றார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு யாராவது நிற்கிறார்களா என்று. யாரும் இல்லை. என் மகள் அங்கே ஜிஹேவாம், அவளே வைத்துக்கொண்ட கொரியப் பெயராம். ஒரு வருடமாகவே ஜிஹேவாம். தோழிகளுக்கும் ஜிஹே, கூடைப்பந்துக் குழுவிலும் ஜிஹே.

நான் சும்மா வரவில்லை. வகுப்பறையில் பிள்ளைகள் இருக்கும்போதே, "இவள் பெயர் கிருபா. ஜிஹே என்று யாரும் கூப்பிடக் கூடாது. எழுதி வைத்திருந்தால் மாற்றுங்கள்" என்று டீச்சரிடம் சொன்னேன். என் கொரிய உச்சரிப்பைக் கேட்டுப் பின்வரிசையில் ரெண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆம்பூர் ஆஸ்பத்திரியில் வலியோடு படுத்திருந்தபோது நானே யோசித்து வைத்த பெயர் அது. அதை விட்டுவிட்டு எவளோ ஜிஹேவை வீட்டுக்குக் கூட்டி வருவதற்கு நான் ஆளில்லை.

கிருபா தலையைக் குனிந்தபடி பையை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள். எனக்கு அது வெற்றி மாதிரிதான் இருந்தது.

5

இப்போது பார்க் கெடு வைத்துவிட்டுப் போன அந்த ஒரு வாரத்துக்கு வருகிறேன்.

முதலில் சாலமன். அவர் எதிலும் நடுவில் ஒரு வழி கண்டுபிடிப்பவர். "ஏம்மா, ஆம்பூர்னு கொரிய எழுத்துலயே போட்டுட்டா? அவருக்கும் சந்தோஷம், உனக்கும் ஊர்ப் பேரு நிக்கும்."

"நீங்க மொதல்ல சாலமன் கிம்னு பேரை மாத்திக்குங்க. அப்பறம் பேசலாம்" என்றேன். நியூஸ் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்தது ஷாஹீன். ஒரே டேபிளில் எனக்கு எதிரே உட்கார்ந்து அம்பு ஒட்டியவள். இப்போது அதே கம்பெனியில் சூப்பர்வைசர். அவளிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"இன்னாடி எஸ்தரு இது பேஜாரு? அடியில பேரு இருந்தா டீ ஒழுவுதாமா அவருக்கு?"

"ஒழுவலடி. விக்காதாம்."

"நீ கஷ்டப்பட்டு செய்வ, அவரு மொட்டையா வாங்கி விப்பாரு. நோவாம நோம்பு கும்புடப் பாக்குறாரா? இத பாரு, எவன் பேரோ அடிச்ச தோலை ஒட்டி ஒட்டி என் வெரலு ரேகையே போய்டுச்சு. ரேஷன் கடை மெஷின்ல கைய வெச்சா ஆளே இல்லன்னு காட்டுது. மூணு வாட்டி தொடச்சி தொடச்சி வெச்சேன். பின்னாடி நிக்கறவங்க எல்லாம் கத்துறாங்க. நானே நிக்கறேன், நான் இல்லன்னுது அது!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீ மட்டும் அதைத் தேச்சுட்ட, அப்பறம் தோஸ்த்து கீஸ்த்துன்னு எனக்கு போன் போடாத. சொல்லிட்டேன்."

இத்தோடு முடிந்திருந்தால் எனக்குக் கஷ்டமே இல்லை. மின்ஜங் இருக்கிறாளே. அவள் என்னிடம் நேராகவே பேசினாள். "இன்னொருவர் பட்டறையில் நானும் பெயரில்லாமல் பல வருடம் வேலை செய்தேன். எல்லோரும் செய்ததுதான். இருவருடையதும் சேர்ந்தால்தான் அந்த ஜன்னல் நிறையும் என்கிறார். நீ மறுத்தால் எனக்கும் ஜன்னல் இல்லை. நாலு எழுத்துக்காக என் வயிற்றில் அடிக்கிறாய்."

இதற்கு நான் என்ன சொல்ல? அவள் சூளையில் சுட்டுத்தான் என் கிண்ணம் கிண்ணமானது. "உன்னுடையதை நீ கொடு, நான் தடுக்கவில்லை" என்றேன். மறுநாள் பட்டறைக்குப் போனபோது அரைக்கல் இயந்திரம் என் மேசைமேல் இருந்தது. தண்ணீரும் ஊற்றி வைத்திருந்தாள்.

தொடவே இல்லை என்று பெருமையடிக்க மாட்டேன். ஒரு கிண்ணத்தை எடுத்தேன். பார்க்குக்காக இல்லை, மின்ஜங்குக்காக. இயந்திரத்தைப் போட்டு, அடியைக் கல்லில் வைத்தேன். பல் கூசுகிற சத்தம். எடுத்துப் பார்த்தால் கடைசி எழுத்தின் புள்ளி போயிருந்தது. 'ர்' இல்லை, வெறும் 'ர'. இன்னும் கொஞ்சம் தேய்த்தால் அதுவும் போகும். கை தானாகச் சுவிட்சுக்குப் போய்விட்டது. அணைத்துவிட்டு, அரைக்கல்லைத் தூக்கிக்கொண்டு போய் மின்ஜங்கின் மேசைமேலேயே வைத்தேன்.

"என்னால் முடியாது. நீ என்னை வெளியே போகச் சொன்னால் போகிறேன். கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போவேன்."

அவள் அரைக்கல்லின் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினாள்.

6

சனிக்கிழமை என் கிண்ணங்கள் அத்தனையையும் மேசையில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் ஆம்பூர்தான் பட வேண்டும். வரிசை வரிசையாக ஆம்பூர். ஒரு வார்த்தைகூட மாறிப் போகக் கூடாது என்று கிருபாவை மொழிபெயர்க்கக் கூட்டிப் போயிருந்தேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள்.

பார்க் வந்தார். மேசையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"சொல்லுடி அவருகிட்ட" என்றேன். "இது கொரியாவோட மண்ணு, கொரியாவோட தூரிகை, மின்ஜங்கோட சூளை. அதுல எதையும் என்னுதுன்னு நான் சொல்லல. ஆனா கை என்னுது. கை ஆம்பூரு. ஊருல இருந்தவரைக்கும் அடுத்தவன் பேரை ஒட்டிக் குடுத்தாச்சு. இனிமே ஒட்ட மாட்டேன். இது புடிச்சா எடுத்துக்கட்டும், புடிக்கலன்னா வெச்சுட்டுப் போகட்டும். தேய்க்கற கதையே வேணாம்."

கிருபா அவ்வளவையும் சொன்னாள். வழக்கமாகப் பாதியை முழுங்கிவிடுவாள். அன்று முழுங்கவில்லை. அம்மாவின் மானத்தைக் காப்பாற்ற மரியாதை விகுதியெல்லாம் சேர்த்து, நிதானமாகச் சொன்னாள்.

பார்க் கெட்டவர் இல்லை. என்னை எதிர்த்துப் பேசவில்லை. மின்ஜங்கின் பாத்திரங்களை மட்டும் எடுத்துக்கொள்வதாகவும், ஜன்னல் இல்லை, கடைக்குள்ளே ஓர் அலமாரி தருவதாகவும் சொன்னார். மின்ஜங் சரி என்றாள். அவள் பிழைப்பு அவளுக்கு. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பெட்டிகளை நானே வண்டியில் ஏற்றிக் கொடுத்தேன்.

வண்டி போனதும், அரைக்கல்லைத் திருப்பி வைத்த பிறகு முதல் தடவையாக, மின்ஜங் என்னிடம் பேசினாள். "பிடிவாதக்காரி." பிறகு சொன்னாள், "அடுத்த தடவை சூளையில் மேல் தட்டு எனக்கு." நெருப்பு நன்றாகப் பேசுகிற தட்டு அது. நியாயம்தான் என்றேன்.

பட்டறை வாசலில் ஒரு பலகையைப் போட்டு என் கிண்ணங்களை அடுக்கினேன். சாயங்காலம் வரை உட்கார்ந்தேன். திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தவர்களும் உண்டு, வாங்கியவர்களும் உண்டு. ஒரு கிழவர் ரெண்டு வாங்கினார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவே இல்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

7

வீட்டுக்கு வந்து நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். இந்த ஊரில் நெத்திலிக்கு மட்டும் பஞ்சமில்லை. ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துவிட்டு, குழம்பைக் கிண்டிக்கொண்டே கிருபாவிடம் பேசினேன். ஜெயித்த வாய் சும்மா இருக்குமா?

"பாத்தியாடி? ஒரு எழுத்தைக்கூட விட்டுக் குடுக்கல உங்கம்மா. நீயும் திங்கக்கெழம ஸ்கூலுக்குப் போயி, என் பேரு கிருபா, இனிமே எவளும் ஜிஹேன்னு கூப்பிடாதீங்கன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லு."

கிருபா போனைக் கீழே வைத்தாள். கொரிய மொழியில்தான் சொன்னாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"அவர் உன் பெயரைத் தேய்க்கச் சொன்னார். நீ மறுத்தாய். நீ என் பெயரைத் தேய்க்கச் சொல்கிறாய். நானும் மறுக்கிறேன்."

"அது இன்னாடி உன் பேரு? அது நீ பொறந்த பேரா?"

"உன் கிண்ணம் ஆம்பூரிலா பிறந்தது? இங்கேதானே பிறந்தது. செய்தவள் நீ, அதனால் நீ எழுதினாய். ஜிஹே நான் செய்தது. எல்லார் முன்னாலும் அதை அழிக்கச் சொன்னாயே, அப்போது, இன்று நான் உனக்காகப் பேசியதுபோல, எனக்காக யாரும் பேசவில்லை."

எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செக்கிங் டேபிளில் எனக்கு எதிராகப் பேசி ஜெயித்தவர் ஒருவரும் கிடையாது. சூப்பர்வைசரையே வாயடைத்தவள் நான். கரண்டியும் கையுமாக நின்று பதில் தேடினேன். கோபம் வந்தது. திமிரைப் பார், எங்கிருந்து வந்தது இவளுக்கு இவ்வளவு திமிர் என்று சத்தமாகவே கேட்டேன். சோபாவிலிருந்து சாலமன் என்னைப் பார்த்த பார்வையில் அதற்குப் பதில் இருந்தது. அவரையும் முறைத்தேன்.

மன்னிப்பெல்லாம் நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். கிருபா என்ற பெயரை என் நாக்கிலிருந்து எவனாலும் எடுக்க முடியாது. ஆனால் சோறு வெந்துவிட்டது, குழம்பு இறக்கியாகிவிட்டது, பிள்ளை மத்தியானம் எனக்காகப் பேசிவிட்டு வந்து வெறும் வயிற்றோடு படுத்திருக்கிறது.

கதவுக்கு வெளியே போய் நின்றேன். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினேன். கடைசியில் சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன்.

"ஜிஹே! சாப்பிட வாடி."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அப்புறம் கதவுக்குப் பின்னாலிருந்து, சுத்தமான ஆம்பூர்த் தமிழில் வந்தது:

"இன்னா கொழம்பு?"